கிற்றார் வாங்க முன்: முதலில் பக்கத்தில் இருந்து பழக ஒரு குழுவைத் தேடுங்கள்

எங்கள் வீட்டில் ஒரு கிற்றார் இருந்தது. அது அண்ணாவுடையது. 2008இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது, உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைக்கும் பாய்க்கும் நடுவில் அதை வைக்கப் பார்த்தார். அம்மா இறக்கச் சொன்னார். அந்த இடத்தில் தண்ணீர்க் கான் வைக்க வேண்டியிருந்தது. 2010இல் மீளக்குடியேற வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளே கிற்றாரும் இல்லை. அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. கதைக்க அதைவிடப் பெரிய இழப்புகள் இருந்தன.

அண்ணா இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் தொலைபேசியில், "நான் இனி வாசிக்கப் போறதில்லை. நீ பழகன்" என்று சொல்லிக் காசு அனுப்பினார். எனக்கு அப்போது முப்பது வயது கடந்துவிட்டது. நான் கடைக்குப் போய், இருந்தவற்றில் மிக அழகானதை வாங்கினேன். கடும் நீலம், பளபளவென்று இருந்தது. மூன்று வாரத்தில் இடது கை விரல் நுனிகள் வெடித்தன. கிற்றார் அலுமாரிக்கு மேலே போனது. எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. எனக்கு இசை வராது என்று முடிவெடுத்திருந்தேன்.

பிறகு வேறொரு செய்திக்காக ஒரு கிராமத்துக்குப் போனபோது, அங்குள்ள சனசமூக நிலையத்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக இருந்து கிற்றார் பழகுவதைக் கண்டேன். அடுத்த சனிக்கிழமை எனது கிற்றாரையும் கொண்டு போனேன். அங்கு சொல்லிக்கொடுக்கும் அண்ணை அதை வாசித்துப் பார்க்கவில்லை. கம்பிக்குக் கீழே ஏ.ரி.எம். அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினார். ஏழு அட்டை போனது. "தங்கச்சி, பிழை உங்கட விரலில இல்லை. கம்பி இவ்வளவு உயரத்தில நிண்டால் எனக்கும்தான் நோகும்" என்றார். பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைத் துண்டைக் கழற்றி, அதன் அடியை அரத்தாளில் தேய்த்துத் திரும்பப் போட்டார். அரை மணித்தியாலத்தில் அது வேறு கிற்றார் ஆகிவிட்டது.

அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புதிதாகப் பழகப் போகிறவர்கள், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோர், கை காயப்பட்டதால் "எனக்கு இது சரிவராது" என்று ஒதுங்கி நிற்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

ஏன் முதலில் குழு?

பெரும்பாலானோர் முதலில் கிற்றாரை வாங்கிவிட்டுப் பிறகுதான் பழகும் வழியைத் தேடுகிறார்கள். அதை மாற்றிச் செய்வது நல்லது. நான்கு காரணங்கள் உண்டு.

ஒன்று, வாங்க முன்னர் இரண்டு மூன்று வகைக் கிற்றாரை மடியில் வைத்துப் பார்க்கலாம். கடையில் ஐந்து நிமிடம் தொட்டுப் பார்ப்பதும், ஒரு மாலை முழுவதும் வைத்திருப்பதும் ஒன்றல்ல.

இரண்டு, யூரியூப் காணொளி உங்களுக்குக் காட்டும். ஆனால் உங்களைப் பார்க்காது. மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, பெருவிரல் எங்கே நிற்கிறது, தோள் இறுகியிருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். பிழையான பழக்கம் மூன்று மாதத்தில் படிந்துவிட்டால் அதை எடுக்க ஒரு வருடம் செல்லும்.

மூன்று, தாளம். தனியே வாசிக்கும்போது கடினமான இடத்தில் நாங்கள் நின்றுவிட்டுத் தொடர்வோம். அது எங்களுக்கே தெரிவதில்லை. நான்கு பேருடன் வாசிக்கும்போது பாட்டு எங்களுக்காக நிற்காது. விட்ட இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் சேர்ந்துகொள்ளப் பழகுவோம்.

நான்காவது, சனிக்கிழமை நாலு மணிக்கு உங்களை எதிர்பார்த்து ஒருவர் இருப்பார். மனம் சரியில்லாத வாரத்தில் கிற்றாரை எடுக்க வைப்பது பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

கிற்றார் எங்களுக்கு அந்நியமான வாத்தியமுமல்ல. மட்டக்களப்பில் பறங்கியர் சமூகம் போர்த்துக்கீச வழிவந்த கவ்ரிஞ்ஞா ஆட்டத்தையும் பாட்டையும் தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறது. பைலா அந்த வழியில் வளர்ந்தது. அந்தத் தாளத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் நித்தி கனகரத்தினத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கிற்றாரும் கையுமாக அவர் பாடிய 'சின்ன மாமியே' அறியாத ஈழத்து வீடு குறைவு. ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுபோனார். அந்தப் பொப் பாடல்களில் பலவற்றை மூன்று கோட்ஸ் தெரிந்தால் வாசிக்கலாம். புதிதாகப் பழகுபவருக்கு அதைவிட நல்ல பாடநூல் இல்லை.

குழுவை எங்கே தேடுவது?

விளம்பரப் பலகை வைத்திருக்கும் வகுப்பு மட்டும்தான் வழி என்றில்லை. உங்கள் ஊர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பெரும்பாலும் ஒரு கிற்றார் இருக்கும். எந்தச் சமயத்தவர் என்றாலும் ஆராதனை முடிந்தபின் வாசிப்பவரிடம் போய்க் கேட்கலாம். மேலைத்தேய சங்கீதம் சாதாரண தரத்துக்கு ஒரு பாடம். அதைப் படிப்பிக்கும் ஆசிரியர் இருக்கும் பாடசாலையை விசாரியுங்கள். கோயில் திருவிழாவுக்கும் திருமண வீட்டுக்கும் வரும் இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பவர்களில் பலர் வார நாட்களில் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒன்றுமே இல்லாத ஊர் என்றால் மூன்று பேர் சேர்ந்தால் அதுவே குழுதான். மூன்று பேருக்கு ஒரு கிற்றார் போதும். ஒருவர் வாசிக்க, ஒருவர் பாட, ஒருவர் கையால் தாளம் போடட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். எங்கள் குழு தொடங்கியபோது எட்டுப் பேருக்கு மூன்று கிற்றார்தான் இருந்ததாம்.

சேர முன்னர் ஒரு நாள் போய்ச் சும்மா இருந்து பாருங்கள். நல்ல குழுவை அறியச் சில அடையாளங்கள் உண்டு. பிழை விடுபவரைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் நாளிலேயே கிற்றாரைச் சுருதி சேர்க்கச் சொல்லித் தருவார்கள். "என்னிடம்தான் கிற்றார் வாங்க வேண்டும்" என்று கட்டாயப்படுத்த மாட்டார்கள். பிள்ளைகள் பழகும் இடம் என்றால் கதவு திறந்திருக்கும். பெற்றோர் எப்போதும் வந்து இருக்கலாம். பெண்பிள்ளைகள் இருட்ட முன்னர் வீடு போய்ச் சேரும்படி நேரம் வைத்திருப்பார்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கேள்வி கேளுங்கள்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. ஒருநாள் பழகிக்கொண்டிருந்தபோது ஒருவரின் கிற்றாரில் கம்பி ஒன்று அறுந்தது. உருக்குக் கம்பி அறும் சத்தம் திடீரென்று வெடித்தது போல இருக்கும். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் அடுத்த கணமே கதிரையில் இருந்து நிலத்தில் குனிந்து தலையைப் பொத்திவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை, என்ன என்று கேட்கவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும். அண்ணை எழும்பிப் போய்த் தேநீர் போட்டார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் இரண்டு வழக்கம் இருக்கிறது. புதுக் கம்பி மாட்டுவதையும் ஒலிபெருக்கி போடுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வோம். யாரும் காரணம் சொல்லாமல் எழும்பி வெளியே போகலாம், திரும்பி வரலாம். எங்கள் மாவட்டங்களில் எந்தக் குழுவும் இந்த இரண்டையும் வைத்திருப்பது நல்லது.

கிற்றார் பழகினால் மனக்காயம் ஆறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நித்திரை வராமல், பழைய காட்சிகள் விடாமல் துரத்தினால் அதற்கு வைத்தியரைப் பார்க்க வேண்டும். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கிற்றார் செய்வது அதைவிடச் சிறிய வேலை. ஒரு மணித்தியாலம் விரலும் காதும் ஒரே இடத்தில் இருக்கும். கதைக்க விரும்பாதவர்களும் சேர்ந்து இருக்கலாம்.

மூன்று வகைக் கிற்றார்

கடையில் தொங்குபவை பலவாகத் தெரிந்தாலும், தொடக்கத்தில் அறிய வேண்டிய வகைகள் மூன்றுதான்.

நைலோன் கம்பிக் கிற்றாரைக் கிளாசிக்கல் என்பார்கள். கழுத்து அகலம். கம்பிகள் தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீற்றர் இருக்கும். கம்பி மென்மையானது, ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. விரலுக்கு நோவு குறைவு. கம்பிகளுக்கு இடையில் இடம் அதிகம் என்பதால் தடித்த விரல் உள்ளவர்களுக்கும் வசதி. கை சிறியவர்களுக்கு அகலமான கழுத்துச் சற்றுச் சிரமம்.

உருக்குக் கம்பிக் கிற்றார்தான் மேடையிலும் பாடல்களிலும் நாங்கள் அதிகம் கேட்பது. கழுத்து ஒடுக்கம், ஏறத்தாழ 43 மில்லிமீற்றர். ஒலி கணீரென்று இருக்கும். ஆனால் கம்பிகளின் இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். முதல் மாதம் விரல் நோகும். இதை வாங்கினால் மெல்லிய கம்பித் தொகுதியைக் கேட்டு மாட்டுங்கள். முதல் கம்பி 0.010 அங்குலம் உள்ள தொகுதி, வழக்கமாக வரும் 0.012ஐவிட விரலுக்கு இலகு.

எலெக்ட்ரிக் கிற்றாரில் கம்பி இன்னும் மெல்லியது. 0.009 அங்குலத்தில் தொடங்கும். விரலுக்கு மூன்றிலும் இலகுவானது இதுதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் தனி ஒலிபெருக்கி, வயர், மின்சாரம் எல்லாம் வேண்டும். செலவு ஒன்றோடு முடியாது.

எதை வாங்குவது? நீங்கள் வாசிக்க ஆசைப்படும் பாட்டு எந்த ஒலியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். விரல் நோவுக்குப் பயமென்றால், அல்லது வாங்குவது பிள்ளைக்கென்றால், நைலோன். பாட்டுக்குத் துணையாகக் கையடித்து வாசிக்க என்றால் உருக்கு. நைலோன் வகையில் யமஹாவின் சி40, உருக்கு வகையில் அதே கொம்பனியின் எப்310 ஆகியன பல வருடங்களாகப் புதியவர்கள் வாங்கும் மாதிரிகள். இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கையில் எடுத்து மற்றவற்றோடு ஒப்பிட நல்ல அளவுகோல்.

ஒரு எச்சரிக்கை. நைலோன் கிற்றாருக்கு ஒருபோதும் உருக்குக் கம்பி மாட்ட வேண்டாம். 40 கிலோ இழுவைக்குச் செய்த பலகையை 70 கிலோ இழுத்தால் பிரிட்ஜ் கழன்றுவிடும், அல்லது கழுத்து வளைந்துவிடும். ஊரில் பழுதாகிக் கிடக்கும் கிற்றார்களைப் பார்த்தால் இப்படிப் பழுதானவையும் அவற்றுள் இருக்கும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். முழு அளவுக் கிற்றாரில் கம்பியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர். முக்கால் அளவில் ஏறத்தாழ 58. எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு முக்கால் அளவு பொருந்தும். "வளர்ந்தபிறகும் உதவட்டும்" என்று பெரிதாக வாங்கினால் பிள்ளை இப்போது விட்டுவிடும்.

கடையில் பார்க்க வேண்டிய ஏழு விடயங்கள்

புதிதோ பழையதோ, காசு கொடுக்க முன் இவற்றைப் பாருங்கள். முடிந்தால் குழுவில் இருந்து ஒருவரை அழைத்துப் போங்கள். அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள்.

1. கம்பியின் உயரம். கழுத்தில் குறுக்காக இருக்கும் உலோகக் கீற்றுகளைப் பிரெட் என்பார்கள். தலைப்பக்கத்தில் இருந்து பன்னிரண்டாவது பிரெட்டில், தடித்த கம்பிக்குக் கீழே ஏ.ரி.எம். அட்டைகளைச் செருகுங்கள். ஓர் அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். எழுத்துப் புடைக்காத பகுதியைப் பயன்படுத்துங்கள். உருக்குக் கம்பியில் மூன்று முதல் நான்கு அட்டை, நைலோனில் ஐந்து அட்டை அளவு சரி. அதைவிட அதிகம் என்றால் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

2. கழுத்தின் நேர். துப்பாக்கி குறி பார்ப்பதுபோல என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அடிமட்டத்தின் விளிம்பைப் பார்ப்பதுபோல என்கிறேன். தலைப்பக்கத்தில் ஒரு கண்ணை வைத்துக் கழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். மிக இலேசான குழி இருக்கலாம். முறுக்கோ கூனோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

3. ஒவ்வொரு பிரெட்டும். ஆறு கம்பியிலும் ஒவ்வொரு கட்டமாக அழுத்தி மீட்டுங்கள். எங்காவது 'கிர்' என்று அதிர்ந்தால், ஒலி செத்துப்போனால், அந்த இடத்தில் குறை இருக்கிறது.

4. சுருதிச் சுத்தம். ஒரு கம்பியைத் திறந்து மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாவது பிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டாவது ஒலி முதலாவதன் சரியான மேற்ஸ்தாயியாக இருக்க வேண்டும். காதில் நம்பிக்கை இல்லையென்றால் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ரியூனர் செயலியில் பாருங்கள்.

5. பிரிட்ஜ். கம்பிகள் கட்டப்பட்டிருக்கும் பலகைத் துண்டின் பின்பக்க விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்திருக்கிறது.

6. சாவிகள். ஆறையும் திருகிப் பாருங்கள். இடையில் வழுக்கக்கூடாது.

7. வெடிப்பு. தலையும் கழுத்தும் சேரும் இடம், பின்பலகை, பக்கப் பலகை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வர்ணப் பூச்சில் மட்டும் கீறல் என்றால் பரவாயில்லை. விலை குறைக்கக் கேட்கலாம்.

நிறம் இந்தப் பட்டியலில் இல்லை. நான் பார்த்தது அதை மட்டும்தான்.

காயப்பட்ட கைகளுக்கு

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறார். செல் துண்டு பட்டதில் இடது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் மடங்குவதில்லை. ஒரு கடையில் கிற்றாரைத் தொட்டுப் பார்த்தபோது, "உங்களுக்கு இது சரிவராது, கீபோர்ட் பாருங்கோ" என்று சொன்னார்களாம். நான்கு வருடம் அவர் திரும்பக் கேட்கவில்லை.

அந்தக் கடையில் யாருக்கும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைத் தெரிந்திருக்கவில்லை. 1928இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் அதே இரண்டு விரல்களும் செயலிழந்தன. அப்போது வயது 18. மிச்சம் இருந்த இரண்டு விரல்களால் வாசித்து, ஐரோப்பிய ஜாஸ் இசையின் மிகப் பெரிய கிற்றார் கலைஞர் ஆனார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் டோனி அயோமி 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மெல்லிய கம்பி மாட்டினார், பிளாக் சபத் என்ற குழுவைத் தொடங்கினார். கைகளே இல்லாமல் பிறந்த டோனி மெலெண்டெஸ் 1987இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் முன்னிலையில் கால் விரல்களால் கிற்றார் வாசித்தார்.

இவர்கள் அபூர்வமானவர்கள் என்று சொல்லலாம். ஆனால் வழிகள் அபூர்வமானவை அல்ல. காயத்தைப் பொறுத்து இவற்றை முயன்று பார்க்கலாம்.

இடது கை விரல்கள் இயங்காவிட்டால் பக்கத்தை மாற்றலாம். கிற்றாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளையும் எதிர் ஒழுங்கில் மாட்டி, வலது கையால் அழுத்தலாம். இதற்கு நைலோன் கிற்றார் இலகு. அதில் பிரிட்ஜின் தாங்கி பெரும்பாலும் நேராக இருக்கும். உருக்குக் கிற்றாரில் அது சரிவாக இருப்பதால், திருப்பினால் சுருதி பிசகும். இடது கைக்காரருக்கென்றே செய்த கிற்றார்களும் உண்டு. முன்கூட்டிச் சொல்லி எடுப்பிக்க வேண்டிவரும்.

ஒரு விரல்தான் இயங்கும் என்றால் சுருதியை மாற்றலாம். வழக்கமான சுருதியில் ஆறாவது கம்பி ஈ, ஐந்தாவது ஏ, முதலாவது ஈ. இவற்றை முறையே டி, ஜி, டி என்று இறக்குங்கள். நடுவில் உள்ள மூன்றையும் தொட வேண்டாம். இப்போது ஒன்றையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி என்ற கோட்ஸ் வரும். ஐந்தாவது பிரெட்டில் ஒரு விரலைக் குறுக்காக வைத்தால் சி. ஏழாவதில் வைத்தால் டி. மூன்று கோட்ஸ், ஒரு விரல்.

விரல் அழுத்தவே முடியாவிட்டால் கிற்றாரை மடியில் கிடையாக வைத்து, கண்ணாடிக் குப்பியையோ உலோகத் துண்டையோ கம்பியின் மேல் வழுக்கி வாசிக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் வளர்ந்த முறை இது. வட இந்தியாவில் விஷ்வ மோகன் பட் இதே முறையில் மோகன வீணையை உருவாக்கி இராகங்களை வாசிக்கிறார். மேலே சொன்ன மாற்றுச் சுருதி இதற்கும் பொருந்தும். வலது கை இல்லாதவர்கள் பிக்கைக் கைமுனையிலோ செயற்கைக் கையிலோ பட்டியால் கட்டி மீட்டலாம்.

அந்தத் தம்பி மாற்றுச் சுருதியில்தான் தொடங்கினார். இப்போது இரண்டு விரல்களால் வழமையான சுருதியிலும் வாசிக்கிறார். உடம்பில் துண்டுகள் இன்னும் இருப்பவர்கள், நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் தொடங்க முன்னர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மரத்துப்போன விரலில் காயம் வந்தாலும் தெரியாது. பழகி முடிய விரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் எடுத்து வாங்க வேண்டாம்

டொலர் ஏறி இறங்க விலையும் மாறுவதால் இங்கே விலை எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கிற்றாருக்காகக் கடன் படாதீர்கள், தவணைக்கு எடுக்காதீர்கள். நுண்நிதிக் கடன் எங்கள் கிராமங்களில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை அழுகிறது என்பதற்காக வாரத் தவணையில் எடுத்த கிற்றார் வீட்டில் இசையைக் கொண்டுவராது.

முதல் இரண்டு மாதம் குழுவின் கிற்றாரில் பழகுங்கள். தொடர்ந்து செய்ய ஆசை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு பழையதைத் தேடுங்கள். வாங்கி மூன்று மாதத்தில் விட்டுவிட்டவர்களின் கிற்றார்கள் எல்லா ஊரிலும் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் உதவக் கேட்டால், ஒருவருக்கு ஒரு விலையுயர்ந்த கிற்றாரைவிடக் குழுவுக்கு இரண்டு சாதாரண கிற்றாரும் சில தொகுதிக் கம்பியும் பெரிய உதவி.

கையில் உள்ள காசு முழுவதையும் கிற்றாரில் போட்டுவிடாமல் ஒரு தொகுதி மேலதிகக் கம்பிக்கும் இரண்டு மூன்று பிக்குக்கும் பைக்கும் மிச்சம் வையுங்கள். கேப்போ என்ற கவ்வி பிறகு வாங்கலாம். அதைக் கழுத்தில் மாட்டினால் அதே விரல் அமைப்பிலேயே சுருதியை உயர்த்தலாம். கர்நாடக சங்கீதம் பழகிப் பாடுபவர்களின் சுருதிக்குப் போக மிகவும் உதவும்.

முதல் மூன்று மாதம்

முதல் வாரம் சுருதி சேர்க்க மட்டும் பழகுங்கள். தடித்த கம்பியில் இருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. செயலி இல்லாமலும் செய்யலாம். ஒரு கம்பியை ஐந்தாவது பிரெட்டில் அழுத்தினால் அடுத்த கம்பியின் ஒலி வரும். மூன்றாவது கம்பிக்கு மட்டும் நான்காவது பிரெட். சுருதி சேராத கிற்றாரில் சரியாக வாசித்தாலும் பிழையாகவே கேட்கும். பலர் மனம் விட்டுப்போவது இதனால்தான்.

பிறகு இரண்டு கோட்ஸ் மட்டும். ஈ மைனரும் டி மேஜரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் இருந்து மற்றதுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் மாற முடிகிறது என்று எண்ணுங்கள். பத்தில் தொடங்கும். முப்பதுக்கு வந்தால் ஜி, அதன்பிறகு சி. அடுத்து ஏ மைனர். இந்த ஐந்தும் வந்தால் ஏராளமான பாட்டு வாசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலத்தைவிட ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம் மேல். விரல் நுனி நோவு இரண்டு முதல் நான்கு வாரத்தில் குறையும்; தோல் தடித்துவிடும். தோல் நோவது வழமை. மணிக்கட்டோ முழங்கையோ நொந்தால் நிறுத்துங்கள். பிடி பிழை.

வெயில், மாரி, உப்புக்காற்று

கிற்றார் மரத்தால் ஆனது. காற்றின் ஈரப்பதன் 45 முதல் 55 வீதம் இருந்தால் அதற்குச் சுகம். எங்கள் மாரியில் அதைவிட எவ்வளவோ கூடும். மரம் ஊதும், கம்பி உயரும். கார்த்திகை, மார்கழியில் சுவரோடு சாத்தி வைக்காமல் பைக்குள் போட்டுக் கட்டிலின் மேல் வையுங்கள். கோடையில் தகரக் கூரைக்குக் கிட்டவோ, பூட்டிய வாகனத்துக்குள்ளோ வைத்தால் பசை இளகி பிரிட்ஜ் எழும்பும். முல்லைத்தீவு, மன்னார் போன்ற கரையோரங்களில் உருக்குக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் கம்பியின் ஆயுள் கூடும்.

எங்கள் குழுவில் இப்போது பதினொரு பேர். மே மாதத்தில் அந்த ஒரு வாரம் நாங்கள் வாசிப்பதில்லை. யாரும் தீர்மானம் எடுத்ததில்லை, அப்படியே வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் வருவார்கள். முதல் அரை மணித்தியாலம் சுருதி சேர்ப்பதிலேயே போகும்.

போன மாதம் அண்ணாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, மூன்று கோட்ஸில் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினேன். முடியும்வரை ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு, பார்" என்றார். பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.